மென்பொருள் பாதியில் மூடிக்கொள்கிறதா? கிராபிக்ஸ் டிரைவரைச் சரிசெய்யும் வழி

வீடியோ எடிட்டிங்கில் டைம்லைனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே திரை ஓரிரு நொடி கறுக்கும். மறுபடி வெளிச்சம் வந்தால் டெஸ்க்டாப் இருக்கும், டாஸ்க்பார் இருக்கும், எடிட்டிங் மென்பொருள் மட்டும் இருக்காது. சேமிக்காத வேலை அத்தனையும் போயிருக்கும். மூன்று வாரம் நான் இதோடு போராடினேன். மென்பொருளை நான்கு முறை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்ற இடம்வரை போய்விட்டேன்.

கடைசியில் காரணம் இதுதான்: மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறியிருந்தேன், ஆனால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள், இரண்டு வருடம் பழையது. புதிய டிரைவரைப் பழையதன் மேலேயே போட்டதில் பிரச்சினை தீரவில்லை. பழையதை அடியோடு நீக்கிவிட்டுப் போட்டதும் தீர்ந்தது. அந்த வேலைக்கு எடுத்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. மூன்று வாரம் போனதற்குக் காரணம், ஒரே நாளில் மூன்று நான்கு விஷயங்களை மாற்றியது. எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

அதனால் ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் தேதி, அதன் விளைவு. கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 பயன்படுத்துவோருக்கானவை. லினக்ஸுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

1. எந்த வகைக் கிராஷ் என்று முதலில் பாருங்கள்

"கிராஷ் ஆகிறது" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. நான்கு வகை உண்டு.

மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றதெல்லாம் நன்றாக ஓடினால், கோளாறு மென்பொருளிலும் இருக்கலாம், டிரைவரிலும் இருக்கலாம். திரை கறுத்துத் திரும்பி வந்தால் டிரைவர் மீது சந்தேகம் கூடும். நீலத்திரை வந்தால் அதிலுள்ள குறியீட்டை உடனே போனில் படம் எடுங்கள். கம்ப்யூட்டரே சட்டென்று அணைந்து மறுபடி கிளம்பினால், டிரைவரைத் தொடும் முன் 7-ஆம் படிக்குப் போங்கள். அது பெரும்பாலும் மின்சாரம், சூடு, அல்லது வன்பொருள்.

திரை ஏன் கறுக்கிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும். கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலையிலிருந்து 2 நொடிக்குள் அசைவு எதுவும் வராவிட்டால், கார்டு உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு செய்து டிரைவரை மீண்டும் தொடங்கிவிடும். டிடிஆர் என்று இதைச் சொல்வார்கள். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. டிரைவர் மீண்டு எழுந்துவிட்டால் திரை திரும்பும். ஆனால் கார்டின் நினைவகத்தில் மென்பொருள் வைத்திருந்தது அழிந்திருக்கும், அதனால் அது மூடிக்கொள்ளும். டிரைவர் மீளவே இல்லையென்றால் நீலத்திரை, அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' என்ற வாசகம்.

திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டால் பவர் பட்டனை அழுத்துமுன் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கும் குறுக்குவழி இது. பல நேரம் வேலையைச் சேமிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

2. ஆதாரங்களைத் திரட்டுங்கள் (20 நிமிடம்)

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனதால்தான் மூன்று வாரம் ஆனது.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு கட்டம் விரியும். கிராஷ் ஆன நாட்களில் சிவப்புக் குறி இருக்கும். அதே நாளில், அல்லது முந்தின நாளில், என்ன அப்டேட் நடந்தது என்பதும் அங்கேயே தெரியும். முதல் சிவப்புக் குறி எந்த நாளில் தொடங்கியது என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். என் கட்டத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைவரை ஒரு குறியும் இல்லை. அதற்கு மறுநாளிலிருந்து தினமும் இரண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'லைவ் கெர்னல் ஈவன்ட்' 141 அல்லது 117 என்று வந்தால் விண்டோஸ் அதன் மேல் வன்பொருள் கோளாறு என்று தலைப்பிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நான் மேலே சொன்ன டிடிஆர் வகைச் சிக்கல்தான் அந்த எண்கள். டிரைவர் மாற்றினாலே தீர்ந்துபோவதும் உண்டு.

அப்புறம் ஈவன்ட் வியூவர், கணினியில் நடப்பதை விண்டோஸ் பதிந்து வைக்கும் இடம். அதில் விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் 'சிஸ்டம்', 'அப்ளிகேஷன்' இரண்டையும் பாருங்கள். கிராஷ் ஆன நேரத்தை ஒட்டி இந்த எண்களைத் தேடுங்கள்:

4101: டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டு எழுந்தது. டிரைவரின் பெயரும் வாசகத்தில் இருக்கும்.

1000: மென்பொருள் மூடிக்கொண்டது. 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரியில் எந்தக் கோப்பில் விழுந்தது என்று இருக்கும். கோப்பின் பெயர் என், வி என்ற எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா டிரைவர். ஏ, டி, ஐ அல்லது ஏ, எம், டி என்றால் ஏஎம்டி. ஐ, ஜி என்றால் இன்டெல். விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயர் வந்தால் விண்டோஸ் மீது குற்றம் என்று அர்த்தமில்லை. விழுந்த இடம் அது, அவ்வளவுதான். தள்ளிவிட்டது வேறாக இருக்கலாம்.

41: கம்ப்யூட்டர் முறைப்படி அணையாமல் நின்றது. 'கெர்னல் பவர்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு பவர் சப்ளையை மாற்ற ஓடுகிறவர்கள் பலர். ஏன் நின்றது என்பதை இந்தப் பதிவு சொல்வதில்லை.

கடைசியாக, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்ற ஆறு எழுத்துகளையும் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். 'சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்' பட்டனை அழுத்தினால் ஒரு டெக்ஸ்ட் கோப்பு கிடைக்கும். அதைத் தேதியோடு பெயரிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

3. பொருத்தம் பாருங்கள்

மூன்று விவரம் வேண்டும்: உங்கள் கார்டின் சரியான மாடல், இப்போதுள்ள டிரைவர் பதிப்பு, மென்பொருள் கேட்கும் குறைந்தபட்சத் தேவை.

டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்து, கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போங்கள். என்விடியா கார்டில் 32.0.15.6094 போல ஒரு நீண்ட எண் இருக்கும். மென்பொருள் நிறுவனங்கள் சொல்லும் எண்ணோ 560.94 போல இருக்கும். கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்து, மூன்றாவதற்குப் பின் புள்ளி வையுங்கள், இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். இது தெரியாமல் என் டிரைவர் எண் பெரிதாக இருக்கிறதே, புதியதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஏஎம்டி கார்டு என்றால் அதனுடன் வரும் அட்ரினலின் மென்பொருளைத் திறந்தே பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டின் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் உண்மையான டிரைவரே இல்லை என்று பொருள். தேதியும் 2006 என்று காட்டும். அந்த நிலையில் ஓப்பன்ஜிஎல் (படம் வரைய மென்பொருள் கார்டோடு பேசும் முறை) 1.1 மட்டுமே கிடைக்கும். பிளெண்டர் 4.0 போன்ற முப்பரிமாண மென்பொருள் ஓப்பன்ஜிஎல் 4.3 கேட்கும். திறக்கவே திறக்காது.

விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் டைரக்ட்எக்ஸிலும் ஒரு குழப்பம் உண்டு. மேலே சேமித்த அறிக்கையின் தொடக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12 என்று இருக்கும். அது விண்டோஸில் இருக்கும் பதிப்பு. உங்கள் கார்டுக்கு எதுவரை தெரியும் என்பது டிஸ்ப்ளே பக்கத்தில் 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்ற வரியில் இருக்கிறது. அங்கே மிக உயர்ந்த எண் 11_0 என்றால், 12_0 கேட்கும் மென்பொருள் எந்த டிரைவர் போட்டாலும் ஓடாது.

பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இதையும் பார்த்துவிடுங்கள். என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு, அதாவது பெரும்பாலான 600, 700 வரிசைக் கார்டுகளுக்கு, 470 வரிசை டிரைவரோடு முடிந்துவிட்டது. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, அதாவது 900, 1000 வரிசைகளுக்கு, வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், 2028 அக்டோபர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஏஎம்டியில் ஆர்9 200, 300 வரிசைகளையும் அதற்கு முந்தைய ஹெச்டி 7000 வரிசையையும் 2021-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட கார்டு உங்களுடையது என்றால், புதிய டிரைவர் தேடி நாளைப் போக்காமல் மென்பொருளின் பழைய பதிப்புக்குத் திரும்புவதே நல்லது.

லேப்டாப் என்றால் இன்னொன்று. பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: பிராசசரோடு சேர்ந்தது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. மென்பொருள் தவறானதைப் பிடித்துக்கொண்டாலும் கிராஷ் ஆகும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்த மென்பொருளைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். இரண்டு நிமிட வேலை. டிரைவரைத் தொடுமுன் இதைச் செய்து பாருங்கள்.

4. எந்த டிரைவரை எடுப்பது?

புதியதுதான் சிறந்தது என்று இல்லை. என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டுடியோ என்று இரண்டு உண்டு. எடிட்டிங், முப்பரிமாண வேலை செய்பவர்கள் ஸ்டுடியோவை எடுங்கள், அது அந்த வகை மென்பொருள்களோடு சோதித்து வருவது. ஏஎம்டியில் 'ரெகமெண்டட்', 'ஆப்ஷனல்' என்று இருக்கும். முதலாவதை எடுங்கள். லேப்டாப்புக்கு முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். அது பழையதாக இருந்து, மென்பொருள் அதைவிடப் புதியதைக் கேட்டால் மட்டும் சிப் தயாரிப்பாளரின் தளத்துக்குப் போங்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடி, டிரைவர் அப்டேட்டுக்குப் பின் கெட்டது என்றால் வேறெதுவும் வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அதே டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் இருக்கும். ஐந்து நிமிடத்தில் பழையது திரும்பிவிடும். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை, அதைத் தளத்திலிருந்து இறக்கித்தான் போட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம். டிரைவர்கள் எல்லாமே இலவசம். டிரைவரைத் தேடிப் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்கும் மென்பொருள் எதையும் வாங்காதீர்கள். தப்பான பதிப்பைப் போட்டுவிட்டால் இருக்கிற சிக்கல் இரண்டாகும்.

5. தொடங்குமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை

அடுத்த படியில் சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலைக்கு, போகப் போகிறீர்கள். அங்கே போய்ச் சிக்கிக்கொள்பவர்கள் இந்த இரண்டில்தான் சிக்குகிறார்கள்.

ஒன்று பிட்லாக்கர் மீட்புச் சாவி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். முன்கூட்டியே வேறொரு சாதனத்தில் திறந்து எழுதி வையுங்கள்.

இரண்டு, உண்மையான பாஸ்வேர்டு. தினமும் நான்கு இலக்கப் பின் எண்ணோ விரல்ரேகையோ வைத்துத் திறப்பவர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். இப்போதே ஒரு தடவை அடித்துச் சரிபாருங்கள்.

இவற்றோடு, டிரைவர் கோப்பையும் டிடியு என்ற இலவச நீக்கக் கருவியையும் இறக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள். டிரைவர் அரை ஜிபிக்கு மேல் இருக்கும், மெதுவான இணைப்பில் நேரமாகும். ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போடுங்கள். முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள்.

6. சுத்தமாக நீக்கிப் போடுதல் (45 நிமிடம்)

இணையத்தைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பழைய டிரைவர் போனதும் விண்டோஸ் அப்டேட் தானாகவே வேறொன்றை இறக்கிப் போட்டுவிடும், நீங்கள் செய்தது வீணாகும்.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலப் பட்டியலில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட்.

டிடியுவைத் திறந்து, வகை ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) என்றும், நிறுவனம் உங்கள் கார்டுடையது என்றும் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் சிக்கல் உள்ளதை மட்டும் நீக்குங்கள்.

கம்ப்யூட்டர் திரும்பி வரும்போது எழுத்துகள் பெரிதாக, திரை சற்று மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், டிரைவர் இல்லாத திரை அப்படித்தான் இருக்கும். இப்போது டிரைவரை நிறுவுங்கள். இடையில் திரை இரண்டு மூன்று முறை கறுத்துக் கறுத்து வரும். அந்த நேரத்தில் பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது. முடிந்ததும் ரீஸ்டார்ட், பிறகுதான் இணையம்.

ரீஸ்டார்ட் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் ஷட் டவுன் செய்து ஆன் செய்யாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உள்நிலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அதையே திரும்ப எழுப்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அப்புறம் சோதனை. எந்தக் கோப்பில், எந்த இடத்தில் கிராஷ் ஆனதோ அதையே திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒரு குறிப்பிட்ட கிளிப்பில் நிறத்திருத்தம் போட்டு இரண்டாவது நிமிடத்தைத் தாண்டும்போது விழும். அதையே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். வேறு கோப்பைத் திறந்துவிட்டு சரியாகிவிட்டது என்று நினைத்து விடாதீர்கள்.

7. இன்னும் விழுகிறதா?

மென்பொருளின் செட்டிங்ஸில் ஜிபியு முடுக்கத்தை (வேலையைக் கார்டிடம் கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அணைத்தபின் விழவில்லையென்றால் சிக்கல் கிராபிக்ஸ் பக்கம்தான். அணைத்தபின்னும் விழுந்தால் டிரைவரை விட்டுவிட்டு மென்பொருள், ரேம், பிராசசர் பக்கம் பாருங்கள்.

ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட வைத்திருந்தால், எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி உட்பட. திரையின் மேல் எண்கள் காட்டும் ஓவர்லே மென்பொருள்களை மூடுங்கள். டெஸ்க்டாப் என்றால் கார்டுக்குப் போகும் மின்கேபிளைப் பாருங்கள். 8 பின் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட், 6 பின்னுக்கு 75 வாட் என்பது கணக்கு. ஒரே கேபிளின் இரு கிளைகளை இரண்டு இணைப்பிலும் செருகியிருந்தால் தனித்தனிக் கேபிளாக மாற்றுங்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இந்தத் துறையில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களைத்தான் சொல்வேன். விளையாட்டுகள் விழும்போது 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று செய்தி வரும். கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும். உண்மையில் பிராசசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைந்திருக்கும். இன்டெல் இதை 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தங்கள் கொடுத்தது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 வருடம் நீட்டித்தது. ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸை முதலில் புதுப்பியுங்கள். ஏற்கெனவே சேதமான பிராசசரை அது குணமாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், டிடிஆரின் அந்த 2 நொடிக் கெடுவை நீட்டிக்கும் வழியும் உண்டு. கனமான ரெண்டரிங் செய்பவர்களுக்கு மென்பொருள் நிறுவனங்களே சிலநேரம் பரிந்துரைப்பது. ரெண்டர் உண்மையிலேயே நேரமெடுக்கும் வேலை என்றால் பயன்படும். டிரைவரே பழுது என்றால் திரை கூடுதல் நேரம் உறைந்திருக்கும், அவ்வளவுதான். கெடுவை முழுதாக அணைக்க மட்டும் வேண்டாம்.

8. லினக்ஸில்

கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டுக்குப் பின் என்விடியா கார்டு வேலை செய்யவில்லையென்றால், புதிய கெர்னலுக்கு டிரைவர் மாட்யூல் கட்டப்படவில்லை, அல்லது கையொப்பமில்லாததை அனுமதிக்காத செக்யூர் பூட் அதைத் தடுக்கிறது. பதிப்பு பொருந்தவில்லை என்று செய்தி வந்தால் முதலில் ஒரு ரீஸ்டார்ட், பெரும்பாலும் அதோடு தீரும். டிரைவரை உங்கள் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்தே போடுங்கள். தளத்திலிருந்து இறக்கிய கோப்பையும் களஞ்சியப் பொதியையும் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். கெர்னல் பதிவில் 'எக்ஸ்ஐடி 79' என்று இருந்தால் கார்டு இணைப்பிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். மின்சாரம், சூடு, ஸ்லாட் மூன்றையும் பாருங்கள்.

9. உதவி கேட்கும்போதும், வாரன்டிக்குப் போகும்போதும்

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதும்போது இவற்றை முதல் கடிதத்திலேயே வையுங்கள்: சேமித்த டைரக்ட்எக்ஸ் அறிக்கை, ஈவன்ட் வியூவர் பதிவின் நகல், மென்பொருள் பதிப்பு, டிரைவர் பதிப்பு, கிராஷை வரவழைக்கும் படிகள், இதுவரை செய்து பார்த்தவை. அறிக்கையில் கணினியின் பெயர் இருக்கும். அதில் உங்கள் சொந்தப் பெயர் வைத்திருந்தால் அனுப்புமுன் நீக்கிவிடுங்கள்.

கார்டுதான் பழுது என்று தோன்றினால் வேறொரு கணினியில் அதைப் போட்டுச் சோதியுங்கள். அங்கேயும் அதே மாதிரி விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. வாங்கிய ரசீது, கார்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் எண், திரையில் வரும் கோளாறின் வீடியோ, இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். சீரியல் எண்ணை கார்டைக் கழற்றிய கையோடு படம் எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் மாட்டியபின் அந்த ஸ்டிக்கர் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய்விடும்.